மகன் என்னோடு பேசி நாற்பது நாள்கள் ஆகின்றன. கைப்பேசியைப் பிடுங்கிய தந்தை கேட்கிறேன்

கேள்வி: கொங்குநூல் (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் வைத்துப் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறார். எங்களுக்கு ஒரே மகன். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் படிக்கிறான். அவன் என்னோடு பேசி இன்றோடு நாற்பது நாள்கள் ஆகின்றன.

அவன் கையில் கைப்பேசியைக் கொடுத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். ஆறாம் வகுப்பு முழுவதும் கைப்பேசித் திரையிலேயே நடந்தது. பள்ளிக்கூட வாசலை அவன் மறுபடி மிதித்தபோது ஏழாம் வகுப்பில் பாதி ஓடியிருந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டை அரசு தடை செய்தபோது, பாரம் இறங்கியது என்று நினைத்தேன். மறு ஆண்டு ஜூலையில் அதே விளையாட்டு பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது.

பதினோராம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்த பிறகு நானும் சற்றுக் கவனம் தளர்ந்தேன். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. அதற்கு அடுத்த வாரம், இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த நான், போர்வைக்குள் வெளிச்சத்தைக் கண்டேன். கைப்பேசியை வாங்கிக்கொண்டேன், வைஃபை ரூட்டரின் இணைப்பையும் பிடுங்கினேன். அந்தக் கைப்பேசி இன்றுவரை என் அலுவலக மேசை டிராயரில் இருக்கிறது.

அவன் பள்ளிக்குப் போகிறான், டியூஷனுக்குப் போகிறான், சாப்பிடுகிறான், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தேவை எதுவானாலும் அம்மா வழியாகவே வருகிறது. கைப்பேசிப் பயன்பாட்டைக் குறைப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஆலோசனைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியும் என் வசமே இருக்கிறது. மறுபடியும் அவன் என்னோடு பேசுவதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

பதில் 1: பவானிக்கரை (ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்)

ஐயா, முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தோழனிடம் பேசுவது போல நாம் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. நான் பணியில் இருந்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தந்தையரைப் பார்த்து என் மனத்தில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வதுண்டு. மகனிடம் அவர்கள் பேசியவற்றில் வினாக்குறியில் முடியாத வாக்கியம் எத்தனை? பெரும்பாலும் ஒன்றுகூட இராது. படித்தாயா, எழுதினாயா, எவ்வளவு மார்க், யாரோடு பேசினாய் என்று இப்படியே போகும். அவன் விடை சொல்லப் பழகிவிடுகிறான், பேசப் பழகுவதில்லை. உங்கள் வீட்டு மௌனம் நாற்பது நாள்களுக்கு முன்னரே தொடங்கியிருக்கக்கூடும். இப்போதுதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

நடைமுறையில் இரண்டு சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, செய்முறைக் குறிப்பேட்டுக்கான படங்கள் ஆகிய பலவற்றைப் பள்ளிகள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகின்றன. கைப்பேசி உங்கள் டிராயரில் இருக்கும்வரை அவன் ஒவ்வொரு நாளும் இன்னொரு மாணவனிடம் போய் நின்று கேட்க வேண்டும், ஏன் கேட்கிறான் என்பதையும் விளக்க வேண்டும். பதினாறு வயதில் இது சிறிய தண்டனை அன்று. நீங்கள் கொடுத்த தண்டனை வீட்டுக்குள் இருப்பதாக நினைக்கிறீர்கள். அவன் அதை வகுப்பறையில் சுமந்துகொண்டிருக்கிறான்.

இன்னொன்று, அவனை எதிரில் உட்காரவைத்துப் பேச முயலாதீர்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், மின்விசிறியைக் கழற்றித் துடைக்கும்போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாதபோதும் சொற்கள் தாமாக வரும். அவன் உதவி உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிற ஒரு வேலையைக் கொடுங்கள். தேவைப்படுவது போல நடித்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.

பதில் 2: இரண்டாமாண்டு (கோவை, பொறியியல் மாணவன்)

ஐயா, வணக்கம். எனக்கு வயது பத்தொன்பது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் மகன் இருந்த இடத்தில் நானும் இருந்தேன், ஆகவே அவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆட்டத்தில் நூறு பேர்வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் சேர்ந்தால் ஓர் அணி. இறுதிவரை நின்றால் ஓர் ஆட்டம் ஏறக்குறைய முப்பது நிமிடம் ஓடும். திரைப்படத்தை நிறுத்திவைப்பது போல அதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. இடையில் வெளியேறினால் தரவரிசைப் புள்ளி குறையும், மற்ற மூவரும் ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள். 'இந்த நிமிடமே வைத்துவிட்டுச் சாப்பிட வா' என்று என் அம்மா அழைக்கும்போதெல்லாம் நான் கத்தியதற்குக் காரணம் விளையாட்டு வெறி மட்டும் அன்று. காதில் மூன்று நண்பர்கள் என் பெயரைச் சொல்லி உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் இதை யாரும் புரிந்துகொள்ளவில்லை, நானும் விளக்கவில்லை. 'இந்த ஆட்டம் முடிந்ததும் வா' என்று அம்மா வாக்கியத்தை மாற்றிய பிறகு எங்கள் சண்டையில் பாதி குறைந்தது.

அதற்காக விளையாட்டை நியாயப்படுத்த வரவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நாளுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம் என்று அதில் ஒரு வரம்பு உண்டு. என் நண்பர்கள் பலரும் வயதை மாற்றிப் போட்டுத்தான் ஆடினார்கள். நானும் அப்படியே. அதனால் அந்த வரம்பை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, தவறாக எண்ண வேண்டாம். என்னிடமிருந்தும் கைப்பேசியை வாங்கிவைத்தார்கள். நான் நான்கு நாள் பேசவில்லை, ஐந்தாம் நாள் பணம் கேட்க வேண்டி வந்ததால் பேசினேன். நாற்பது நாள் என்பது கைப்பேசிக்கான கோபம் போலத் தெரியவில்லை. அன்றிரவு வேறு ஏதேனும் நடந்ததா?

கொங்குநூல்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

அன்றிரவு நடக்கவில்லை, மறுநாள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகனுக்குத் தாய்மாமன் என்றால் உயிர். நான் கைப்பேசியைத் திறந்து, அவன் தன் வகுப்புத் தோழி ஒருத்தியோடு பரிமாறிக்கொண்ட செய்திகளை மைத்துனர் முன்னிலையில் உரக்கப் படித்தேன். அவற்றில் தவறாக எதுவும் இல்லை. 'எங்கப்பா எப்பப் பாத்தாலும் கம்பெனி, வீட்ல இருந்தாலும் இருக்க மாட்டார்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது என் குரல் இன்னும் உயர்ந்தது. மைத்துனர் சிரித்துவிட்டார், கேலியாக அன்று, சங்கடத்தில். அவன் அறைக்குள் போனவன்தான்.

கேள்வியில் இதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் மறதி அன்று.

பதில் 3: மனநலச் சமூகப் பணியாளர் (மதுரை)

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. நான் மருத்துவர் அல்லேன். மனநலப் பிரிவில் குடும்பங்களோடு பேசுவது என் பணி. உங்கள் மகனைப் பார்க்காமல் அவனுக்கு இன்னது என்று சொல்ல இயலாது, ஆனால் அஞ்ச வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துக் காட்ட முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆடுவதைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, மற்றெல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டே முன்னே வந்து நிற்பது, கேடு விளைகிறது என்று தெரிந்த பின்னும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாக ஓராண்டு அளவுக்கு நீடித்து, படிப்பையும் உறவுகளையும் குறிப்பிடத்தக்க அளவு சிதைத்திருந்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்துவார்கள். இரவு ஒன்றரை மணிக்கு ஆடுகிற பிள்ளைகள் அனைவரும் அந்தப் பெயருக்கு உரியவர்கள் அல்லர். உங்கள் மகன் நாற்பது நாளாகக் கைப்பேசி இல்லாமல் பள்ளிக்குப் போகிறான், சாப்பிடுகிறான், அம்மாவிடம் பேசுகிறான். இவை எனக்கு ஆறுதல் அளிக்கும் செய்திகள்.

மாறாக, அம்மாவிடமும் பேச்சு நின்றாலும், நண்பர்களோடு வெளியே செல்வதை விட்டாலும், உணவும் உறக்கமும் கெட்டாலும் காத்திருக்க வேண்டாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாழ்வதில் பொருள் இல்லை என்பது போன்ற ஒரு சொல் வந்தால் அதே நாளில் போக வேண்டும். எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸை அழைத்துத் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை, பெற்றோரும் அழைக்கலாம். இணையப் பயன்பாட்டுக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமானால், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் ஷட் கிளினிக் என்ற பெயரில் ஒன்று இயங்கிவருகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைப்பேசியைப் பறித்ததும் செய்திகளை உரக்கப் படித்ததும் இரண்டு தனித்தனிச் செயல்கள். முதலாவது ஒரு தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அளவு தவறியிருக்கலாம், அதைப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்களிடம் வரும் தந்தையர் பலர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுப்பதையே மன்னிப்பாக வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள், சிலர் புதிய கைப்பேசியே வாங்கித் தந்துவிடுகிறார்கள். பையன் பொருளைப் பெற்றுக்கொள்கிறான், காயம் அப்படியே இருக்கிறது. யார் முன்னிலையில் அவமானம் நேர்ந்ததோ அவர் முன்னிலையிலேயே நீங்கள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு 'ஆனால் நீயும்' என்று ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. அவன் உடனே பதில் சொல்லுவான் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

விதி பற்றி ஒன்றே சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தாமல் உறக்கத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பே இரவில் தாமதமாகத்தான் தொடங்குகிறது. அதனால் 'ஒன்பது மணிக்குப் படு' என்றால் உடல் ஒத்துழைக்காது, அதைச் சோம்பல் என்று திட்டுவதும் பொருந்தாது. அதே சமயம் அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. காலையில் ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு பத்தரைக்குள் உறங்கியே ஆக வேண்டும். பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் போடப்பட வேண்டும். எல்லா என்றால் உங்களுடையதும்தான்.

பதில் 4: நாஞ்சில் அம்மா (நாகர்கோவில்)

எல்லோரும் மகன்களைப் பற்றி எழுதுகிறீர்கள். என் மகளின் கதை வேறு, அது உங்களுக்குப் பயன்படலாம். கோவைத் தம்பி சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு; ஆனால் பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன நடக்கிறது என்று பெற்றோர் அறியாமலே இருந்துவிட வேண்டும் என்று யாரேனும் பொருள் கொண்டால், அதை நான் ஏற்க மாட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ஒருவன், அவள் பகிர்ந்திருந்த சாதாரணப் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி, பணம் கேட்டு மிரட்டினான். மூன்று வாரங்கள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை: 'சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவீர்கள் என்று நினைத்தேன்.' அவள் அப்படி நினைத்ததில் தவறே இல்லை. தட்டு கழுவவில்லை என்றாலும், அறையைப் பெருக்கவில்லை என்றாலும் போனைப் பிடுங்கிவிடுவேன் என்பதே என் வாயில் வரும் மிரட்டலாக இருந்தது. ஆபத்து நேரத்தில் அவள் என்னிடம் ஓடிவராதபடி ஆக்கியது அதுதான்.

இங்கே படிக்கும் பிற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். இப்படி நேர்ந்தால் பணம் கொடுக்காதீர்கள். அழித்துவிடத் தோன்றும், ஆனால் உரையாடலையும் கணக்கின் பெயரையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைக்காமல் எதையும் அழிக்காதீர்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தையோ அணுகலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உண்டு; அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்கான மையம் 2023 முதல் நடத்துகிறது. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை. கருவியிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகி, அந்த அடையாளம் மட்டுமே போகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஓர் உறுதிமொழி உண்டு. அவள் தானாக வந்து சொல்கிற எந்தச் செய்திக்காகவும் கைப்பேசி பறிபோகாது. திட்டு விழலாம், பறிபோகாது. இன்ஸ்டாகிராம் பதின்வயதினர் கணக்கில், இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் அடங்கிவிடும், அந்நியர் செய்தி அனுப்ப முடியாது. அந்த அமைப்பை அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தோம். நான் ஒளிந்து பார்ப்பதில்லை. பார்ப்பதாக இருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். கொங்குநூல் ஐயா, உங்கள் மகன் பேசாமல் இருக்கிற இந்த நாள்களில் அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் சொல்லுவான் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

கொங்குநூல்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

மைத்துனரை வரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன், 'பிள்ளைகிட்டயா?' என்று சற்றுத் தயங்கி, பிறகு வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மகனைக் கூப்பிட்டு, அன்றைக்கு உன் செய்திகளை மாமா முன்னால் படித்தது தவறு, படித்ததே தவறு, உரக்கப் படித்தது அதைவிடத் தவறு என்று சொன்னேன். எங்கள் குடும்பத்தில் என் அப்பா என்னிடம் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை; அதனால் எனக்கும் அது சரளமாக வரவில்லை. 'ஆனால்' என்ற சொல் இரண்டு முறை நாக்குவரை வந்தது, மதுரை நண்பர் எழுதியதை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அறைக்குப் போய்விட்டான். கதவை அன்று சாத்தவில்லை என்று மனைவி சொன்னார், நான் கவனிக்கவில்லை.

கைப்பேசியை மறுநாள் கூடத்து மேசையில் வைத்தேன். அதற்கும் பேச்சு இல்லை. நான்காம் நாள் காலையில் நான் வண்டியை வெளியே எடுக்கும்போது, திண்ணையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன், 'அப்பா, முன் வீல்ல காத்தே இல்ல' என்றான். நான் குனிந்து பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைவரை நடந்தோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது பேசுகிறான், குறைவாகத்தான். பத்து மணி விதியைச் சொன்னபோது பத்தரை கேட்டான். ஒன்பதரைக்குப் பிறகு புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று பத்தே காலில் உடன்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்ன விதி என்பது இன்னும் தீரவில்லை. வயதைச் சரியாகப் போட்டுக் கணக்கை மாற்று என்றேன். அப்படிச் செய்தால் இதுவரை எடுத்த புள்ளிகள் போய்விடுமோ என்று அஞ்சுகிறான். கோவைத் தம்பிக்கு இதுபற்றித் தெரிந்திருந்தால் எழுதுங்கள்.

அவனும் ஒரு நிபந்தனை வைத்தான். ஷிப்மென்ட் நேரத்தில் எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொன்றுக்கும் செய்தி வரும், நானும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பதில் போடுவேன். அதுவும் பத்தே காலுக்குக் கூடத்துக்குப் போக வேண்டும் என்றான். ஒப்புக்கொண்டேன். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாத இறுதியில் ஒரு கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.